கூட வாசிக்கிறவள்

பதினொன்றாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது என் பெயரைக் கூப்பிட்டால் எனக்குக் குரல் வராது. வாய் திறக்கும், சத்தம் வராது. புதிதாக வந்த டீச்சர் நிமிர்ந்து பார்க்காமல் ஆப்சென்ட் போட்டுவிடுவார். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் இருந்தவர்கள் முதலில் "இருக்கா மிஸ்" என்று சொல்லிப் பார்த்தார்கள். பிறகு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், நான் என்ன செய்கிறேன் என்று பார்ப்பார்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால், வருகை போதவில்லை என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஒரு நாள்கூட விடாமல் போன பள்ளிக்கூடம் அது. அதற்குப் பிறகு நான் போகவில்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று எனக்கே தெரியாது. எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு கேள்வி கேட்கிற வழக்கமே குறைந்துபோனது. அம்மா இருதயம்மாள் பிளவுஸ் தைப்பாள். நான் ஹெம்மிங் செய்து ஊக்கு வைத்துக் கொடுப்பேன். அப்பா பெரியநாயகசாமி குத்தகை நிலத்தில் குறுவை, தாளடி என்று இரண்டு போகம் நெல் போடுவார். சாப்பிடும்போது டிவி மட்டும் பேசும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஒரு இடம் இருந்தது. எங்கள் ஊர் மாதா கோயிலில் பாட்டுக் குழுவுக்கென்று ஒரு கிட்டார் உண்டு. அதை வாசித்துக்கொண்டிருந்த அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போனபின் அது சுவரில் சாய்ந்தபடியே இருந்தது. நான் போனில் பார்த்து விரல் வைக்கப் பழகிக்கொண்டேன். கீபோர்டுக்குப் பின்னால், தூண் மறைவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பல கம்பிகளைச் சேர்த்து அடிக்கிற கார்டு மட்டும் அடிப்பேன். சனங்கள் பாடுகிறவர்களைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அப்படிப் போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் அந்த வீடியோ வந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டில், ஒரு பழைய வேனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜிப்ஸி ஜாஸ் என்று போட்டிருந்தது. டிரம் இல்லை, கீபோர்டு இல்லை, இரண்டு கிட்டார் மட்டும். ஒருவர் மெட்டை எடுத்துக்கொண்டு ஓடினார். இன்னொருவர் ஓரமாக உட்கார்ந்து கார்டு அடித்தார். அடித்த உடனே விரலைத் தளர்த்திச் சத்தத்தை நிறுத்தினார். அடி, நிறுத்து, அடி, நிறுத்து. மோட்டார் கொட்டகையில் டீசல் எஞ்சின் சூடேறி ஒரே சீராக ஓட ஆரம்பித்ததுபோல இருந்தது. அவர் ஒரு தடவைகூடக் கேமராவைப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு இடத்தில் அவர் நிறுத்தியதும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவருக்குக் கால் தடுக்கியதுபோல ஆகிவிட்டது. நான் அந்த ஓரத்து ஆளாக வேண்டும் என்று நினைத்தேன்.

கோயில் கிட்டாரில் அது வரவில்லை. அடித்தால் சத்தம் தேன்போல ஒழுகிக்கொண்டே நின்றது. தேடிப் படித்தபோதுதான் இந்த இசைக்கென்றே கிட்டார் வேறு என்று தெரிந்தது. சத்தம் வறண்டு, முன்னால் பாய்ந்து வரும். அதிலும் இரண்டு ஜாதி. நடுவில் சத்தம் வெளியே வருகிற வாய் பெரிதாக இருப்பது கூட வாசிக்கிறவர்களுக்கு. சின்ன முட்டை வடிவ வாய் இருப்பது மெட்டு வாசிக்கிறவர்களுக்கு. கையால் செய்ததை வாங்க எங்கள் ஊரில் நிலத்தை விற்க வேண்டும். சீனத் தொழிற்சாலையில் செய்தது எட்டுகிற விலை, ஆனால் அது நம் பக்கத்தில் கிடைக்காது.

அம்மா லைனிங் துணி எடுக்கத் தஞ்சாவூர் போனபோது என்னையும் கூட்டிப்போனாள். இசைக்கருவிக் கடையில் நான் போனில் முதலில் அகப்பட்ட படத்தைக் காட்டினேன், அது சின்ன வாய் வைத்தது.

"ஜிப்ஸியா? அது புதுக் கம்பெனியாம்மா?" என்றார் கடைக்காரர். "இதப் பாருங்க, இது எல்லாப் பாட்டுக்கும் வரும். நீலக் கலர்லயும் இருக்கு."

"நீலம் நல்லாத்தான்டி இருக்கு," என்றாள் அம்மா.

"வேணாம்மா."

"அந்தப் படத்துல இருக்கிறதுக்கு வாயி சின்னதா இருக்கு. இதுக்குப் பெருசா இருக்கு. உனக்கு வாயி பெருசா இருந்தா ஆவாதே!"

கடைக்காரர் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நான் லைனிங் துணிப் பையைத் தூக்கிக்கொண்டேன்.

ஆடி மாதம் போய் ஆவணியும் போனது. பழைய பொருள் விற்கிற தளத்தில் ஒரு விளம்பரம் வந்தது. பிரான்சிலிருந்து கொண்டுவந்த கிட்டார், ஒரு பக்கம் கீறல், தொடர்புக்கு ஷஹ்பாஸ், கூத்தாநல்லூர். படத்தில் சின்ன முட்டை வாய். நான் தேடியது பெரிய வாய். ஆனாலும் எங்களுக்கு எட்டுகிற விலையில், எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இப்படி ஒன்று இருப்பதே அதிசயம். "நெக் நேராக இருக்கிறதா? பிரிட்ஜ் அதனுடையதுதானா, மாற்றியதா?" என்று எழுதி அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. "இதையெல்லாம் தெரிஞ்சு கேக்குற முதல் ஆள் நீங்கதான். வாங்க."

நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா, "கூத்தாநல்லூர்ல எங்க?" என்று மட்டும் அம்மாவிடம் கேட்டார்.

அப்பாவின் டிவிஎஸ்ஸில் போனோம். கதவைத் திறந்த இளைஞன் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "அக்கா, உன் ஆளு வந்தாச்சு," என்றான். அவன்தான் ஷஹ்பாஸ், திருவாரூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவன். விளம்பரம் அவன் பெயரில், கிட்டார் அவன் அக்காவுடையது. அக்கா ஜுலைகாவுக்கு என்னைவிட ஆறேழு வயது கூட இருக்கும். கூடம் முழுக்கத் துணிகளைப் பரப்பிப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"உக்காரு. பேரென்ன?"

சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. அப்பா, "ரோஸ்லின்," என்றார்.

அவளுடைய அத்தா, அதாவது அப்பா, பாரிசுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தாராம். அங்கே பள்ளிக்கூடத்தில் படித்தபோது கற்றுக்கொண்டது இது. பிறகு கல்யாணத்துக்காக இங்கே, அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது மாப்பிள்ளை மலேசியாவில் உணவகம் வைத்திருக்கிறார், அங்கே கூப்பிட்டுக்கொள்கிறார். கடைக்கு மேலே கூட்டுக் குடும்பம், கிட்டாருக்கு இடமில்லை.

கிட்டாரை என் மடியில் வைத்தாள். "வாசி."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "மாமா, தம்பிகூட வெளில போயி ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்களேன்," என்றாள்.

அப்பா போனதும் நான் வாசித்தேன். கம்பிகள் துருப்பிடித்து விரலைக் கீறின, உயரமாகவும் இருந்தன. ஆனாலும் முதல் அடியிலேயே தெரிந்தது. சத்தம் ஒழுகவில்லை. அடித்தது அடித்த இடத்தில் நின்றது. ஜுலைகா மடித்துக்கொண்டிருந்த துப்பட்டாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க கத்துக்கிட்ட இத?"

"போன்ல."

"கூட யாரு வாசிக்கிறா?"

"யாரும் இல்ல."

"எனக்கும்தான்." அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "இங்க வந்ததுலேர்ந்து ஒத்தையா மெட்டு வாசிச்சுக்கிட்டு இருக்கேன். பின்னால ஆளு இல்லாம, மேடையில தனியா டான்ஸ் ஆடுற மாதிரி இருக்கும். நீ இத்தினி நாளா எங்கடி இருந்த?"

நான் எங்கும் போகவில்லை, வீட்டில்தான் இருந்தேன்.

அவளே முடிவு செய்தாள். அடுத்த திங்கட்கிழமை திருச்சியில் விமானம். ஷஹ்பாஸின் சாதாரண கிட்டார் ஹாஸ்டலில் இருக்கிறது. சனிக்கிழமை அதைக் கொண்டுவரச் சொல்கிறாள். அதற்குள் நான் இதைச் சரிசெய்து எடுத்து வர வேண்டும். அவள் அதில் மெட்டு வாசிப்பாள், நான் இதில் கூட வாசிப்பேன்.

"கம்பிய மாத்து. இதுக்குன்னு வர்ற மெல்லிசுக் கம்பிதான் போடணும். பிரிட்ஜ் உசரமா இருக்கு, அடியில கொஞ்சம் தேய்க்கணும். அது ஒட்டுனது இல்ல, தெரியும்ல?"

"தெரியும்."

"தெரியும்கிறா பாரு!" என்று சிரித்தாள். "ஒரே ஒரு தடவை வாசிச்சுட்டுப் போயிடுறேன் ரோஸ்லின். மறக்காம வந்துரு."

என்னிடம் யாரும் அப்படி எதையும் கேட்டதில்லை.

அப்பா பணம் கொடுத்ததும் கிட்டாரை வீட்டுக்கு எடுத்து வந்தோம். பிரிட்ஜ் என்பது கம்பிகள் ஏறிப் போகிற சின்ன மரக்கட்டை. மற்ற கிட்டார்களில் அது உடம்போடு ஒட்டியிருக்கும். இதில் ஒட்டியிருக்காது. கம்பிகள் அழுத்துவதால்தான் நிற்கும். கம்பியைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். அதன் இரண்டு பக்கமும் மீசைபோல இரண்டு துண்டுகள் மட்டும் அலங்காரத்துக்காக ஒட்டியிருக்கும். கட்டை அந்த மீசைக்கு நடுவில் சற்றுக் கோணலாக, தடித்த கம்பிப் பக்கம் பின்தள்ளி நிற்க வேண்டும். ஒரு நெல் அளவு நகர்ந்தால்கூட மேலே போகப்போக ஒவ்வொரு சுரமும் பிசகும்.

அதனால் கம்பியைக் கழற்றுவதற்கு முன், கட்டை நின்ற இடத்தைச் சுற்றித் தையல் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டேன். கட்டையின் அடியை உப்புத்தாளில் தேய்த்தேன். தேய்ப்பது, ஊதுவது, வைத்துப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. அதிகம் தேய்த்துவிட்டால் திரும்பி வராது. போதும் என்று தோன்றியதும் கட்டையைச் சாக்குக்கட்டிக் கோட்டுக்குள் வைத்து, மேலே பழைய சேலையைப் போட்டு மூடினேன். புதுக் கம்பி கூரியரில் வர வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை நானும் அம்மாவும் ஒரு கல்யாண வீட்டுக்குப் பிளவுஸ் கொடுக்க நீடாமங்கலம் போயிருந்தோம். மழை தூறியதால் அப்பா வயலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை கம்பி வந்தது. சேலையை எடுத்தேன். சாக்குக்கட்டிக் கோடு இல்லை. கிட்டார் பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது. கட்டை நிற்கும் இடத்தில், அதன் காலைச் சுற்றி, சாம்பல் நிறத்தில் ஒரு வரப்பு. ஈர விரலால் தடவி அழகாக வழித்து விட்டிருந்தது.

எம்-சீல்.

எங்கள் வீட்டில் அப்பா எம்-சீல் போட்டு ஒட்டாத பொருள் கிடையாது. போர் பைப், பிளாஸ்டிக் வாளி, மிக்ஸி மூடி, மாதா சுரூபத்தின் ஒரு கை. உருட்டிப் பிசைந்து, ஒட்டுகிற இடத்தை ஈரமில்லாமல் சுத்தமாகத் துடைத்து, நேர் பார்த்து வைத்து அழுத்துவார். அவர் ஒட்டியது எதுவும் இதுவரை விட்டதில்லை. சேலையை விலக்கிப் பார்த்திருக்கிறார். கட்டை கையோடு வந்திருக்கிறது. உடைந்துபோயிற்று, பெண் சொல்லாமல் மூடி வைத்திருக்கிறாள் என்று நினைத்திருக்கிறார். சாக்குக்கட்டியை அழுக்கு என்று துடைத்திருக்கிறார். கோணலாக இருந்ததை நேராக்கி, இரண்டு மீசைக்கும் சரி நடுவில் வைத்து ஒட்டியிருக்கிறார்.

நான் கம்பிகளைப் போட்டுப் பார்த்தேன். கம்பியின் சரி பாதியில் விரலை லேசாகத் தொட்டு மீட்டினால் மணிபோல ஒரு சத்தம் வரும். அதே இடத்தில் அழுத்தி மீட்டினாலும் அதே சுரம் வர வேண்டும். வரவில்லை. ஆறு கம்பியும் ஆறு விதமாக விலகி நின்றன. கட்டையைப் பெயர்க்கக் கத்தி நுனியை விட்டுப் பார்த்தேன். நூலைக் கொடுத்து அறுத்துப் பார்த்தேன். நூல்தான் அறுந்தது.

அப்பா கொள்முதல் நிலையத்திலிருந்து வந்தார். குறுவை நெல்லை அங்கே குவித்து வைத்துவிட்டு முறைக்காகக் காத்திருந்த நேரம் அது. கை கால் கழுவிவிட்டு வந்து நிலைப்படியில் நின்றார். என் கையில் கம்பி போட்ட கிட்டார்.

"புடிச்சுக்கிச்சா?" என்று கேட்டார்.

அப்பா என்னிடம் நேராக ஒரு கேள்வி கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் வரத் தயாராக இருந்தது.

"ம். நல்லாப் புடிச்சுக்கிச்சுப்பா," என்றேன்.

சனிக்கிழமை போக வேண்டாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். ஆனால் காலையிலேயே அப்பா வண்டியைத் துடைத்து நிறுத்தியிருந்தார். நெல்லைப் பார்த்துக்கொள்ள அங்கே மூட்டை தூக்குகிற துரைராசுவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அந்தச் சட்டையைப் பார்த்தபின் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

கூத்தாநல்லூர் வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. பயணம் சொல்ல வந்தவர்கள். ஜுலைகா பெண்களுக்கு நடுவிலிருந்து எழுந்து ஓடி வந்தாள்.

"வந்துட்டா என் ஆளு!" என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னாள். "மாமா, நீங்களும் உள்ள வாங்க. நான் பாட்டு வாசிப்பேன், உங்க பொண்ணு கூட வாசிக்கப் போறா. கேட்டுட்டுப் போங்க."

பின்பக்க அறையில் கட்டில் மேல் ஷஹ்பாஸின் கிட்டார் இருந்தது. நிஜமாகவே கொண்டுவந்திருந்தார்கள். அப்பா கதவோரம் நின்றார். ஜுலைகா என்னிடமிருந்து கிட்டாரை வாங்கிச் சுருதி சேர்த்தாள். விரல் வைக்காத வெறும் கம்பிகள் சரியாக இருந்தன. விரலை மேலே கொண்டுபோய் ஒரு கார்டு அடித்தாள். முகம் சுருங்கியது. குனிந்து பார்த்தாள்.

"அல்லாவே! சிமெண்டு போட்டுல்ல பூசியிருக்கு! யாரு பண்ணுன வேலை இது?"

அப்பா ஒரு அடி முன்னால் வைத்தார். நேற்று வராமல் நின்ற அந்தச் சிரிப்பு இப்போது வந்திருந்தது. "அது வந்தும்மா..." என்று ஆரம்பித்தார்.

"நான்தான்," என்றேன்.

எனக்கே திடுக்கென்றது. அவ்வளவு சத்தமாக என் குரல் வரும் என்று எனக்குத் தெரியாது.

"நீயா? ஒட்டுனது இல்ல, தெரியும்லன்னு கேட்டேன். தெரியும்னு மண்டைய ஆட்டுனியே!"

நான் தரையைப் பார்த்தேன்.

"போன்ல எல்லாம் பாத்துக் கத்துக்கிட்டவ, இத மட்டும் பாக்கலையாக்கும்? நல்ல கிட்டார அம்மிக்கல்லா ஆக்கிட்டியேடி!"

கதவருகே எட்டிப் பார்த்த பெண்கள் சிரித்தார்கள். "விடு புள்ள, சின்னப் பொண்ணு," என்றாள் ஒருத்தி. அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவர் அசையாமல் நின்றது மட்டும் தெரிந்தது. பிறகு அவர் குரல் கேட்டது.

"சூடு காட்டுனா விட்டுரும்மா. எம்-சீலு சூட்டுக்கு இளகிடும்."

ஜுலைகாவின் ஹேர் டிரையர் பெட்டிக்குள் போயிருந்தது. "எடை போட்டுக் கட்டுன பொட்டியப் பிரிக்காதடி," என்று அவளுடைய அம்மா கூடத்திலிருந்து கத்தினார். அவள் பிரித்தாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டார். ஜுலைகா சூடு காட்டினாள். அப்பா பழம் வெட்டும் கத்தியால், காலில் ஏறிய அட்டையை எடுப்பதுபோல, சாம்பல் வரப்பைச் சிறிது சிறிதாக எடுத்தார். யாரும் அவரிடம் கேட்காமலே, அது எங்கே தடிமனாக இருக்கிறது, எங்கே மெல்லிசு என்று அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது. ஜுலைகா ஒரு தடவை அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

வெகு நேரம் ஆனது. கட்டை விட்டு வந்தபோது கூடவே பாலிஷும் பெயர்ந்து, வெள்ளை மரம் ஒரு பொட்டு அளவு தெரிந்தது. அப்பா அதைக் கட்டைவிரலால் தடவினார்.

மறுபடி கம்பி ஏற்றினோம். ஜுலைகா கட்டையை நகர்த்தினாள். நான் மணிச் சத்தத்தையும் அழுத்திய சத்தத்தையும் மாற்றி மாற்றிக் கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் பின்னால. இல்ல, அந்தப் பக்கம் மட்டும்."

"காது இருக்குடி உனக்கு."

"கோணலால்ல நிக்கிது," என்றார் அப்பா.

"கோணலாத்தான் நிக்கணும் மாமா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஜுலைகா ஒரு மெட்டை வாசித்தாள். எதிரில் உட்கார்ந்து அந்தக் கிட்டாரின் சத்தத்தை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மெட்டு ஓடி, வளைந்து, ஓரிடத்தில் நின்று யாரையோ தேடியது. அந்த இடத்தில் நான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. என் வலது கை சேலை மடிப்பைத் தட்டுவதுபோல முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது.

"வா, இப்ப நீ இத எடு." அவள் கிட்டாரை என்னிடம் கொடுத்துவிட்டுத் தம்பியுடையதை எடுத்தாள். நான் விரலை வைத்தேன். அவள் காலால் தாளம் காட்ட ஆரம்பித்தாள்.

வாசலில் கார் வந்து நின்றது. ஷஹ்பாஸ் ஓடி வந்தான். "அக்கா, முத்துப்பேட்டையிலேர்ந்து மாமி வீட்டு ஆளுங்க."

ஜுலைகா கிட்டாரைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். "இரு. இதோ வந்துடுறேன். போயிடாத ரோஸ்லின், என்ன?"

காத்திருந்தோம். டீ வந்தது, சமோசா வந்தது. கூடத்திலிருந்து அவள் குரல் கேட்டது. இங்கே பேசிய குரல் இல்லை அது. மருமகளின் குரல், தாழ்ந்து, ஒவ்வொன்றுக்கும் சரி மாமி, ஆமா மாமி என்றது. கட்டிலில் இரண்டு கிட்டாரும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஷஹ்பாஸ் உள்ளே வந்து மெதுவாகச் சொன்னான்: "அவங்க பொழுது சாஞ்சு மகரிப் தொழுதுட்டுத்தான் போவாங்க போல. அவங்க இருக்கறப்ப அக்கா வாசிக்காது. நீங்க இருங்க, அக்கா இருக்கச் சொல்லுச்சு."

ஜன்னலில் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்பா அதைப் பார்ப்பதும், நான் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தார். நெல் வெட்டவெளியில் குவியலாகக் கிடந்தது. தார்ப்பாயைத் தனி ஆள் இழுத்து மூட முடியாது. நனைந்தால் மறுபடி காய வைத்து, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

"இருந்து வாசிச்சுட்டே போவோம் பாப்பா," என்றார் அப்பா. "நெல்ல துரைராசு பாத்துக்குவான்."

தூரத்தில் இடி உருண்டது. அவர் அதைக் கேட்காததுபோல டீ கிளாஸைத் துடைத்து மூலையில் வைத்தார்.

"போலாம்ப்பா," என்றேன்.

"இல்ல, இரு பாப்பா."

"போலாம்."

கூடத்தைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். ஒரு வயதான அம்மா ஜுலைகாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்தாள், என் தோளில் இருந்த கிட்டார் பையைப் பார்த்தாள். அவளால் எழுந்திருக்க முடியவில்லை. நான் பையை லேசாகத் தூக்கிக் காட்டினேன். என்ன சொல்வதற்காக அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

லெட்சுமாங்குடி தாண்டி, வாய்க்கால் மதகில் அப்பா வண்டியை நிறுத்தினார். சீட்டுக்கு அடியிலிருந்து யூரியா மூட்டையின் உள்பையை எடுத்து, கிட்டாரின் தலையிலிருந்து கீழ்வரை சுற்றிக் கட்டினார். கட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏன் நீதான்னு சொன்ன?"

நான் பையின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தேன்.

"நான்னு சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு என்னைய அடிக்கவா போவுது."

முடிச்சை இறுக்கினார். "அத ஒட்டவே கூடாதா?"

"கூடாதுப்பா."

"பின்ன எப்புடி நிக்கிது?"

"கம்பி அழுத்துறதுல நிக்கிது."

முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல பாப்பா. உடையல, இது இப்புடித்தான்னு."

வண்டியில் ஏறிய பிறகு, அவர் முதுகைப் பார்த்துத்தான் என்னால் சொல்ல முடிந்தது. "நீங்களும் கேட்டிருக்கலாம்ல."

அவர் திரும்பவில்லை. வண்டி கிளம்பியது. காற்று எதிரே அடித்தது.

கொள்முதல் நிலையத்தில் துரைராசு தார்ப்பாயின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு இன்னொரு முனையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "எங்கண்ணே போயிட்டீங்க வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு? பாயோட சேத்து என்னையும் காத்து முத்துப்பேட்டைக்குத் தூக்கிட்டுப் போயிருக்கும்!" நாங்கள் மூன்று பேரும் இழுத்து மூடினோம். ஓரங்களில் மண் மூட்டைகளை வைத்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் நனைந்திருந்தது. ஓடிப்போய்த் தகரக் கொட்டகையில், அடுக்கிய மூட்டைகள் மேல் உட்கார்ந்தோம்.

என் போனில் ஒரு செய்தி வந்திருந்தது. "ஏன் போன?" என்று ஜுலைகா கேட்டிருந்தாள். மழை என்று எழுதினேன். அழித்தேன். நெல் என்று எழுதினேன். அதையும் அழித்தேன். போனைப் பைக்குள் வைத்தேன்.

"என்ன பாப்பா அது, உரமூட்டைக்குள்ள?" என்றார் துரைராசு. "வீணையா?"

"கிட்டாரு," என்றார் அப்பா.

"வாசிக்கச் சொல்லுங்க, கேப்போம். மழை விடுற வரைக்கும் வேற என்ன சோலி?"

அப்பா என்னைப் பார்த்தார். "வாசிக்கிறியா?" என்று கேட்டார்.

நான் பிளாஸ்டிக்கைப் பிரித்தேன். வண்டியில் குலுங்கியும் கட்டை நகரவில்லை. முதல் கார்டை அடித்து நிறுத்தினேன். அடி, நிறுத்து, அடி, நிறுத்து. தகரத்துக்கடியில் சத்தம் வறண்டு, நேராக வந்தது. நான் இதுவரை வாசித்ததிலேயே அன்றுதான் மிகச் சரியாக வாசித்தேன். துரைராசு கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார். ஒரு சுற்று முடிந்து இரண்டாம் சுற்று வந்தது. மூன்றாவதும் வந்தது. அவர் நெளிந்தார்.

"ஏம்மா, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

"அது பாட்டு இல்லடா," என்றார் அப்பா. "கூட வாசிக்கிறது."

"யாருகூட?"

அப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"ஆளு வரணும்."

துரைராசு ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மழைதான் இருந்தது. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கொட்டகையின் அந்த ஓரத்துக்குப் போனார். நான் நிறுத்தவில்லை. மெட்டுக்கு உண்டான இடத்தை அப்படியே விட்டுவிட்டு, முதல் கார்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.